தயிரின் புளிப்பும் மனிதன் சேர்த்த ருசியும்

காய்ச்சி ஆறிய பாலில் ஒரு ஸ்பூன் மோரை விட்டு மூடி வைத்தால் மறுநாள் காலையில் தயிர். இவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடிய உணவுகள் உலகில் அதிகம் இல்லை. ஆனால் தயிரில் ஒரு சிக்கல் உண்டு. அது புளிக்கும். காலையில் இதமாக இருக்கும் தயிர் மாலையில் நாக்கைச் சுருக்கும், மறுநாள் பல்லைக் கூச வைக்கும். அதனால்தான் தயிரை ஒன்றுமே சேர்க்காமல் சாப்பிடுகிறவர்கள் எந்த நாட்டிலும் குறைவு. உப்பு, சர்க்கரை, பூண்டு, புதினா, இஞ்சி, வெல்லப்பாகு, ஸ்ட்ராபெர்ரி ஜாம் என்று ஏதாவது ஒன்று கூட வந்துவிடும்.

எந்த ஊரில் எதைச் சேர்த்தார்கள், ஏன் சேர்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் தயிரின் வரலாறு தெரிந்துவிடும். அந்த வரலாற்றில் சுமார் நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய திருப்பம் வந்தது. அதுவரை தயிருக்கு ருசி சேர்த்தது பெரும்பாலும் வீட்டில் பரிமாறுகிறவரின் கை. அதற்குப் பிறகு அந்த வேலையைத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. சாதாரண விஷயம் போலத் தெரியும் இந்த மாற்றம், சாப்பிடுகிறவரின் உடம்பு வரைக்கும் போய்த் தொடுகிறது.

புளிப்பு எங்கிருந்து வருகிறது?

பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. உறைமோரில் உள்ள பாக்டீரியாக்கள் இந்தச் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் கூடக்கூடப் பாலில் மிதக்கும் கேசின் என்ற புரதம் ஒன்றோடு ஒன்று ஒட்டி வலை போலப் பின்னிக்கொள்கிறது. அதுதான் கட்டித் தயிர். தயிர் உறைந்த பிறகும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்துவதில்லை. சூடான இடத்தில் வேகமாகவும், குளிர்ந்த இடத்தில் மெதுவாகவும் புளிப்பை ஏற்றிக்கொண்டே போகும்.

இதே புளிப்புதான் தயிரைக் காப்பாற்றவும் செய்கிறது. பாலைக் கெடுக்கும் பல கிருமிகளால் அமிலத்தில் வளர முடியாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பால் சில மணி நேரத்தில் கெட்டது, தயிர் சில நாள் தாங்கியது. ஆக, புளிப்பு என்பது தயிர் கொடுக்கும் பாதுகாப்புக்கு விலை. அந்த விலையை எப்படி ருசியாக மாற்றுவது என்பதுதான் சமையல்காரர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி.

பழைய தடயங்கள்

தயிரை யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று ஒருவரைச் சொல்ல முடியாது. ஆடு மாடு வளர்த்த மக்கள் பல இடங்களில் தனித்தனியாகவே கண்டிருப்பார்கள். ரிக் வேதத்தில் 'ததி' என்ற பெயரில் தயிர் வருகிறது. சோமச் சாற்றில் தயிர் கலந்ததும், மாவில் தயிர் கலந்த கரம்பம் என்ற உணவைப் பூஷன் என்ற தெய்வத்துக்குப் படைத்ததும் அதில் சொல்லப்பட்டிருக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பாலைக் கெட்டியாக்கி இனிய புளிப்புள்ள பண்டமாக மாற்றும் 'நாகரிகமற்ற' மக்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமானியர்களுக்கு அது அந்நிய உணவு!

'யோகர்ட்' என்ற சொல் துருக்கி மொழியிலிருந்து வந்தது. பிசைதல், கெட்டியாதல் என்ற பொருள் தரும் வேர்ச்சொல்லில் பிறந்தது. 11-ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி தொகுத்த துருக்கி மொழி அகராதியில் இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது.

சங்க இலக்கியத்திலும் தயிர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயர்மகள் அதிகாலையில் தயிர் கடைந்து, மோரை விற்று, அதற்குப் பதிலாகத் தானியம் வாங்கி வருகிறாள். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167-ஆம் பாட்டில் புதிதாகக் குடும்பம் நடத்தும் ஒரு பெண் கட்டித் தயிரை விரலால் பிசைந்து, புகை கண்ணில் பட, தானே புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட, அவள் முகம் மெல்ல மலர்கிறது. புளிக்கும் தயிரை ருசியாக்கியதுதான் அவளுடைய வெற்றி. அந்தக் குழம்பை இன்றைய மோர்க்குழம்பின் பாட்டி என்று சொன்னால் தப்பில்லை.

முதல் வழி: உப்பும் காரமும்

பாக்தாத் நகரில் 1226-இல் முகமது அல் பாக்தாதி என்பவர் ஒரு சமையல் நூலை எழுதினார். அதில் 'மதீரா' என்ற கறி இருக்கிறது. கொழுப்புள்ள இறைச்சியை வெங்காயத்தோடு வேகவைத்து, தனியா, சீரகம், பட்டை சேர்த்து, புளித்த பாலை ஊற்றி, உப்பில் ஊறிய எலுமிச்சையும் புதினாவும் போட்டு இறக்குவார்கள். இந்த உணவு அதற்கும் முன்பே அரபு உலகில் பிரபலம். 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அல் ஹமதானி எழுதிய நகைச்சுவைக் கதைகளில் ஒன்றே மதீராவைச் சுற்றித்தான் நடக்கிறது.

அப்பாஸிய கலீபா அல் மாமூனின் மனைவி பூரானின் பெயரால் வழங்கியது 'பூரானியா'. ஆரம்பத்தில் அது வறுத்த கத்தரிக்காய்ப் பண்டம். காலப்போக்கில் ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் 'போரானி' என்றால் வதக்கிய காய்கறியோடு தயிர் சேர்ந்த உணவு என்று ஆகிவிட்டது. பொரித்த கத்தரிக்காயின் எண்ணெய்ப் பசையைத் தயிரின் புளிப்பு வெட்டுகிறது. பூண்டு அதற்கு உறைப்பு தருகிறது.

ஈரானியர்கள் வெள்ளரிக்காய்த் தயிரில் காய்ந்த புதினா, வால்நட், உலர்திராட்சை, சில சமயம் ரோஜா இதழ் வரைக்கும் தூவுகிறார்கள். துருக்கியில் அதே வெள்ளரிக்காய்த் தயிர் 'ஜாஜக்'. கிரேக்கத்தில் 'ட்ஸாட்ஸிகி'. பல்கேரியாவில் நீர்க்க அடித்து, வால்நட்டும் பூண்டும் சேர்த்து, 'தாரதோர்' என்ற குளிர்ந்த சூப்பாகக் குடிக்கிறார்கள். வட இந்தியாவில் ராய்த்தா, தமிழ்நாட்டில் வெள்ளரிக்காய்ப் பச்சடி. பெயரும் தாளிப்பும் மாறுகின்றன, வெயிலுக்குக் குளிர்ச்சியாக என்ற நோக்கம் மாறவில்லை.

தயிரைச் சூடாக்கும்போது வேறு ஒரு சிக்கல் வரும். கொதித்தால் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்துவிடும். இதற்குப் பல நாடுகளும் கண்ட வைத்தியம் கிட்டத்தட்ட ஒன்றே. துருக்கியின் 'யாய்லா' சூப்பில் தயிரோடு மாவும் முட்டையும் அடித்துச் சேர்ப்பார்கள். பஞ்சாபிகள் 'கடி' வைக்கும்போது கடலை மாவு கரைப்பார்கள். தமிழ்நாட்டில் மோர்க்குழம்புக்கு ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் தேங்காயோடு அரைபடும். மாவுச்சத்து புரதத் துணுக்குகளுக்கு நடுவில் புகுந்து, அவை ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்திராத சமையல்காரர்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருப்பது ஆச்சரியம்தான்.

தமிழ்நாட்டுச் சமையலில் தயிர் புளித்த பிறகும் வீணாவதில்லை. தயிர்சாதத்தில் கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவது ருசிக்கு. ஆனால் பிரயாணத்துக்குக் கட்டும் தயிர்சாதத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. சாதத்தைப் பாலில் குழையப் பிசைந்து தயிரைக் கொஞ்சமாக மட்டும் சேர்ப்பார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் அந்தப் பால் அங்கேயே உறைந்து தயிராகிவிடும், புளிப்பும் ஏறியிருக்காது. ரயிலில் தூக்குவாளியைத் திறக்கும்போது சாதம் பதமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

மோர்மிளகாய் இன்னும் ஒரு படி மேலே. கீறிய மிளகாயை உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் வெயிலில் உலர்த்துவார்கள். மோர் வற்றும் வரை நாள்கணக்கில் இது நடக்கும். பிறகு வருடம் முழுக்க வைத்திருந்து வறுத்துக்கொள்ளலாம். இங்கே தயிருக்கு மிளகாய் ருசி சேர்க்கவில்லை, மிளகாய்க்குத் தயிர் ருசி சேர்க்கிறது. அதே வெயில் முறையை ஜோர்டானில் தயிருக்கே செய்கிறார்கள். உப்புச் சேர்த்து உருட்டிக் காயவைத்த 'ஜமீத்' கல் போல இருக்கும். அதைக் கரைத்துத்தான் அந்நாட்டின் தேசிய உணவான 'மன்சஃப்' என்ற இறைச்சிச் சாதம் தயாராகிறது.

இரண்டாவது வழி: இனிப்பு

சர்க்கரை விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில் இனிப்புத் தயிர் விசேஷ நாள் பண்டம். 16-ஆம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய பாவப்பிரகாசம் என்ற ஆயுர்வேத நூலில் 'ரஸாலா' என்ற பண்டம் வருகிறது. தயிரில் சர்க்கரை கலந்து துணியில் தேய்த்து வடிகட்டி, ஏலக்காய், லவங்கம், கற்பூரம், மிளகு சேர்ப்பார்கள். இதைச் செய்தது பீமன் என்று ஒரு கதையும் உண்டு. பாண்டவர்களின் சமையல்காரனாயிற்றே! இதற்கு 'சிகரிணி' என்றும் பெயர்.

இதன் உறவினர்தான் மராட்டியத்திலும் குஜராத்திலும் செய்யும் ஸ்ரீகண்ட். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து 'சக்கா' கிடைக்கும். தண்ணீரோடு அமிலத்தின் ஒரு பகுதியும் வெளியேறிவிடும். அதில் சர்க்கரை, ஏலக்காய், குங்குமப்பூ. பூரிக்குத் தொட்டுக்கொள்ளத் தயார்.

வங்காளிகள் வேறு மாதிரி யோசித்தார்கள். மற்ற ஊர்களில் தயிர் உறைந்த பிறகு இனிப்பு சேரும். வங்காளத்து மிஷ்டி தோயில் உறைவதற்கு முன்பே சேரும். பாலைச் சுண்டக் காய்ச்சி, சர்க்கரையோ கருக்கிய சர்க்கரையோ கலந்து, மண்சட்டியில் ஊற்றி உறைய வைப்பார்கள். குளிர்காலத்தில் பேரீச்ச மரத்துப் பதநீரில் காய்ச்சிய 'நலேன் குட்' வெல்லம் சேரும். மண்சட்டியின் நுண்துளைகள் தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் இன்னும் கெட்டியாகும். வங்காளதேசத்தின் போக்ரா நகரத்துத் தயிர் இந்த வகையில் புகழ்பெற்றது. 2023-இல் அதற்கு அந்நாட்டின் புவிசார் குறியீடு கிடைத்தது.

இலங்கையில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் பிரியாத ஜோடி. மட்டக்களப்புத் தயிர் சட்டியோடு விற்பனைக்கு வரும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டி. அதன் மேல் கித்துள் பனையின் பாணியை அவரவர் விருப்பப்படி ஊற்றிக்கொள்கிறார்கள். துருக்கியில் இஸ்தான்புல்லின் கான்லிஜா பகுதித் தயிருக்கு மேலே பொடித்த சர்க்கரையைத் தூவிச் சாப்பிடும் பழக்கம் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. மிஷ்டி தோயைத் தவிர்த்தால் பெரும்பாலான இடங்களில் தயிர் வெறும் தயிராகவே வந்து சேர்கிறது. பாணியும் சர்க்கரையும் தனியாக இருக்கின்றன. எவ்வளவு போடுவது என்பது சாப்பிடுகிறவரின் முடிவு.

மருந்துக்கடைக்குப் போன தயிர்

மேற்கு ஐரோப்பாவுக்குத் தயிர் தாமதமாகத்தான் அறிமுகமானது, அதுவும் மருந்தாக. 1905-இல் ஸ்தமென் கிரிகோரவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர் ஜெனீவாவின் ஆய்வகம் ஒன்றில் தன் நாட்டுத் தயிரை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, அதை உறையச் செய்யும் பாக்டீரியாவை அடையாளம் கண்டார். அதற்குப் பின்னாளில் லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ் என்று பெயர் வந்தது. அப்போது அவருக்கு 27 வயது கூட நிரம்பவில்லை. அவர் பிறந்த ஸ்துதென் இஸ்வோர் கிராமத்தில் தயிருக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது.

அதே காலத்தில் பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தில் இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி முதுமையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். குடலில் உணவு அழுகுவதால் உண்டாகும் நச்சுகளே முதுமையை விரைவுபடுத்துகின்றன, புளித்த பாலின் பாக்டீரியா அதைத் தடுக்கலாம் என்பது அவர் கருத்து. பல்கேரியாவில் நூறு வயதுக்காரர்கள் அதிகம் என்ற பேச்சையும் அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். 1904-இல் அவர் ஆற்றிய சொற்பொழிவு பத்திரிகைகளில் பரபரப்பானது. 1908-இல் அவர் நோபல் பரிசு பெற்றது நோய் எதிர்ப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக, தயிருக்காக அல்ல. ஆனால் மக்கள் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. தினமும் புளித்த பால் குடித்த மெச்னிகோவ் 1916-இல் 71-ஆம் வயதில் காலமானார்.

1919-இல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர் தயிர் வியாபாரம் தொடங்கினார். இவர் தயிர் பழக்கமுள்ள சலோனிகா நகரத்திலிருந்து வந்த யூதர். மகன் டேனியலின் செல்லப் பெயரால் கம்பெனிக்கு 'டேனோன்' என்று பெயர் வைத்தார். முதலில் அந்தத் தயிர் விற்றது எங்கே தெரியுமா? மருந்துக்கடைகளில்! வயிற்றுக்கோளாறு உள்ள குழந்தைகளுக்கு என்று சொல்லி விற்றார்கள். மருந்துக்கு ருசி தேவையில்லை, முகத்தைச் சுளித்துக்கொண்டாவது சாப்பிட்டுவிடுவார்கள். ஆனால் நோய் தீர்ந்தவன் மருந்தை மறுபடி வாங்குவதில்லையே! வியாபாரம் பெரிதாக வேண்டுமானால் புளிப்புக்கு ஒரு வழி கண்டே ஆக வேண்டும்.

ஜாம் வந்தது

அந்த வழிக்கு முதல் அடி எடுத்து வைத்தது பிராக் நகரம். அங்கே ராட்லிட்ஸ்கா என்ற பால்பண்ணை 1933-இல் தயிரோடு பழ ஜாம் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. ஜாம் சேர்த்ததன் நோக்கம் தயிர் கெடாமல் பாதுகாப்பது. பழைய காலத்து உப்பைப் போலவே இங்கே சர்க்கரையும் காவல்காரனாகத்தான் உள்ளே நுழைந்தது.

பெரிய மாற்றம் நடந்தது அமெரிக்காவில். அங்கே தயிர் முதலில் குடியேறிகளின் உணவு. 1929-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆண்டோவரில் கொலம்போசியன் என்ற ஆர்மீனியக் குடும்பம் 'கொலம்போ' என்ற பெயரில் தயிர் விற்றது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆர்மீனியர்கள், கிரேக்கர்கள், அரேபியர்கள். இரண்டாம் உலகப்போரின்போது டேனியல் கராசோ பிரான்ஸிலிருந்து தப்பி நியூயார்க் வந்தார். 1942-இல் மெட்ஸ்கர் குடும்பத்தோடு சேர்ந்து பிராங்ஸ் பகுதியில் ஒரு சின்னத் தயிர்த் தொழிற்சாலையை வாங்கினார். அமெரிக்கர் வாயில் நுழைவதற்காகப் பெயர் 'டானன்' ஆனது.

பெயர் நுழைந்தது, தயிர் நுழையவில்லை. அமெரிக்க நாக்குக்குப் புளிப்பு பிடிக்கவில்லை. 1947-இல் கோப்பையின் அடியில் ஸ்ட்ராபெர்ரி ஜாம் வைத்து மேலே தயிர் நிரப்பி விற்றார்கள். வாங்குகிறவர் ஸ்பூனால் அடியிலிருந்து கிளறிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்தது. ஆரோக்கியம் என்ற பெயர் மேலே, இனிப்பு அடியில்! இரண்டும் ஒரே கோப்பையில் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

1977-இல் வந்த ஒரு தொலைக்காட்சி விளம்பரமும் இங்கே சொல்லத் தக்கது. அன்றைய சோவியத் ஜார்ஜியாவில் படம் பிடித்து, அங்குள்ள முதியவர்கள் தயிர் சாப்பிடுவதைக் காட்டினார்கள். 89 வயது மகனும் அவருடைய தாயும் அதில் தோன்றுவார்கள். மெச்னிகோவின் பழைய வாதமே மறுபடி விளம்பரமாக வந்தது. அந்த முதியவர்கள் சாப்பிட்டு வளர்ந்தது வெறும் தயிர். ஆனால் அமெரிக்கக் கடைகளில் தயிரைப் பிரபலமாக்கியிருந்தது ஜாம் போட்ட தயிர்.

ஜப்பானின் சர்க்கரைப் பொட்டலம்

புளிப்போடு நேருக்கு நேர் மோதிய கதை ஜப்பானில் நடந்தது. 1970-இல் ஒசாகா உலகக் கண்காட்சியின் பல்கேரிய அரங்கில் மெய்ஜி நிறுவனத்தார் அசல் பல்கேரியத் தயிரைச் சுவைத்தார்கள். அதுவரை ஜப்பானில் யோகர்ட் என்றால் இனிப்பான, ஜெல்லி போன்ற பண்டம்தான். 1971-இல் மெய்ஜி எதுவும் சேர்க்காத தயிரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கெட்டுப்போய்விட்டது என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள்! 1973-இல் பல்கேரியாவின் பெயரைப் பயன்படுத்த அனுமதி கிடைத்து, 'மெய்ஜி பல்கேரியா யோகர்ட்' என்று அது நிலைபெற்றது.

அந்தத் தயிரில் அவர்கள் சர்க்கரை கலக்கவில்லை. பாக்கெட்டோடு ஒரு சின்னச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தனியாக இணைத்துக் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. காலப்போக்கில் மக்கள் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துவிடத் தொடங்க, கடைசியில் அது நிறுத்தப்பட்டது. இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. சர்க்கரை தனியாக இருந்ததால் அதைக் குறைக்கவும் விடவும் முடிந்தது. நாக்கு மெல்ல மெல்லப் புளிப்புக்குப் பழகியது. கோப்பையின் உள்ளேயே கலந்திருந்தால் அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது.

கணக்கு என்ன சொல்கிறது?

2018-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்நாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்ற 900-க்கும் மேற்பட்ட யோகர்ட் வகைகளின் விவரங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். எதுவும் சேர்க்காத தயிரிலும் கிரேக்க வகைத் தயிரிலும் 100 கிராமுக்குச் சராசரியாக 5 கிராம் அளவே சர்க்கரை. அதுவும் பெரும்பாலும் பாலிலேயே இருப்பது. 'ஆர்கானிக்' என்ற பெயரில் விற்ற வகைகளில் சராசரி 13.1 கிராம்! இயற்கை என்ற லேபிளைப் பார்த்து வாங்கியவர்களுக்கு அதிர்ச்சிதான்.

150 கிராம் கோப்பை ஒன்றை எடுத்துக்கொண்டால் மொத்தச் சர்க்கரை சுமார் 20 கிராம். பாலில் இயல்பாக உள்ளதைக் கழித்தால் சேர்க்கப்பட்டது சுமார் 12 கிராம், அதாவது 3 டீஸ்பூன். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒருவர் சேர்த்த சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை. ஒரே கோப்பையில் அதன் பாதி போய்விடுகிறது. வீட்டில் தயிருக்கு 3 டீஸ்பூன் சர்க்கரை போடுகிறவர்கள் எத்தனை பேர்? போட்டாலும் போடுவது கண்ணுக்குத் தெரியும்.

2024 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், வாரத்துக்கு 2 கப் தயிராவது சாப்பிடுவது இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்று லேபிளில் போட அனுமதித்தது. சான்று குறைவானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. சர்க்கரை அதிகமுள்ள வகைகளில் இப்படிப் போடுவதற்கு முன் யோசிக்கும்படியும் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. நீரிழிவுக்கு நல்லது என்ற வாசகமும் 3 டீஸ்பூன் சர்க்கரையும் ஒரே கோப்பையில் சேர்ந்தால் எப்படி இருக்கும்!

வெறும் தயிருக்குத் திரும்பினால்

வரலாற்றில் வந்த வழிகள் எல்லாம் இன்றைக்கும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அடுப்பு இல்லாத விடுதி அறையிலும் சிலவற்றைச் செய்யலாம்.

1. வெள்ளரிக்காய்த் தயிர்: துருவிய வெள்ளரிக்காயில் உப்புப் போட்டு 10 நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தயிர் நீர்த்துவிடும். ஈரானிய பாணி வேண்டுமானால் காய்ந்த புதினாவும் உலர்திராட்சையும் போதும்.

2. பூண்டுத் தயிர்: ஒரு பல் பூண்டை உப்போடு நசுக்கித் தயிரில் கலக்கி, வதக்கிய கத்தரிக்காயின் மேல் ஊற்றினால் போரானி.

3. வடித்த தயிர்: சுத்தமான துணியில் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் 5 மணி நேரம் வடியவிட்டால் பாதியாகச் சுண்டும். சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்தால் ஸ்ரீகண்ட். உப்பும் மிளகும் சேர்த்தால் பிரெட்டில் தடவ வெண்ணெய்க்குப் பதில்.

4. பழத் தயிர்: மாம்பழம், வாழைப்பழம், மாதுளை எதுவானாலும் சாப்பிடும் நேரத்தில் கலப்பது நல்லது. அன்னாசியை மட்டும் பச்சையாகப் போடக் கூடாது. அதில் உள்ள நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். அன்னாசிப் பச்சடிக்குப் பழத்தை வேகவைப்பதில் இந்த நன்மையும் இருக்கிறது.

5. புளித்துப்போன தயிர்: மோர்க்குழம்பு, மோர்க்களி, ரவா தோசை, இவற்றுக்கெல்லாம் புளித்தால்தான் ருசி.

முடிவாக

இனிப்புத் தயிர் தவறான உணவு அல்ல. பீமன் கதையிலிருந்து போக்ரா சட்டி வரை இனிப்புக்கும் தயிருக்கும் நீண்ட உறவு இருக்கிறது. மாறியது ஒன்றுதான். விசேஷ நாளில் செய்து சாப்பிட்ட பண்டம், தினசரி ஆரோக்கிய உணவு என்ற பெயரில் கடைக்கு வந்தது. எவ்வளவு இனிப்பு என்று முடிவு செய்யும் உரிமை பரிமாறும் கையிலிருந்து தொழிற்சாலைக்குப் போனது.

அந்த உரிமையைத் திரும்பப் பெறப் பெரிய போராட்டம் எதுவும் வேண்டாம். வெறும் தயிரை வாங்கினால் போதும், வீட்டில் உறைகுத்தினால் இன்னும் நல்லது. சர்க்கரை டப்பாவும் உப்பு டப்பாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. எதை, எவ்வளவு என்று ஸ்பூனைப் பிடித்திருப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.